ஏழு மாதத்துக்கும் இரண்டரை வயதுக்கும் அட்டைப் புத்தகங்கள்: எதைப் பார்த்து வாங்குவது?

வைகைக்கரை (மதுரை):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு மாதம் நடக்கிறது. மூத்தவனுக்கு இரண்டரை வயது. இருவருக்கும் கெட்டி அட்டைப் புத்தகங்கள் சிலவற்றை வாங்கலாம் என்று கடைக்குச் சென்றால், படமும் சொல்லும் மட்டும் உள்ள புத்தகம் அரிதாகிவிட்டதைப் போலத் தோன்றுகிறது. ஒன்றில் ஆட்டின் உடலில் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறது. இன்னொன்றில் சிறு கதவைத் திறந்தால் உள்ளே பூனை இருக்கிறது. வேறொன்றில் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மீன் நகர்கிறது. பொத்தானை அழுத்தினால் பாடுகிற புத்தகங்கள் ஓர் அடுக்கு முழுவதையும் நிறைத்திருக்கின்றன. விலையும் நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தை நெருங்குகிறது.

மகள் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துக் கடிக்கிறாள் என்பதால் அட்டை, மை, பசை ஆகியவை பற்றிக் கவலையாக இருக்கிறது. மகனோ திறக்கும் கதவுகளை ஒரே நாளில் பிய்த்துவிடுகிறான். அவன் அந்தப் புத்தகங்களுக்கு இன்னும் தயாராகவில்லையா, அல்லது புத்தகத்தின் செய்முறையில்தான் குறையா என்று எனக்குப் புரியவில்லை. பாட்டுப் பாடும் புத்தகம் குழந்தையை அமைதியாக வைத்திருக்கும், பாட்டையும் கற்றுக்கொடுக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதுவும் சரிதானா என்று அறிய விரும்புகிறேன். வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தவிர்க்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோவைப் புத்தகக்கூடம்:

வைகைக்கரை சகோதரிக்கு வணக்கம். எங்கள் தெருவில் சிறு குழந்தைகளுக்கான வாசிப்புக்கூடம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இரவலாகப் போன புத்தகம் எந்த நிலையில் திரும்பி வருகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எதை வாங்குவது என்று கற்றுக்கொண்டேன். பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் வயதைவிட, குழந்தையின் கை இன்றைக்கு என்ன செய்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

ஏழு மாதக் குழந்தை ஒரு பொருளை முழுக் கையாலும் வாரிப் பிடிக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேர்ந்து சிறு பொருளை எடுக்கும் திறமை ஏறத்தாழ ஒன்பதாம் மாதத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் மெல்லிய காகிதக் கதவைக் கொடுத்தால் குழந்தையால் அதைக் கசக்க முடியும், திறக்க முடியாது. உங்கள் மகளுக்கு இப்போது பொருத்தமானவை, உள்ளங்கை அளவை விடச் சற்றே பெரிய, எட்டு அல்லது பத்துப் பக்கங்களே உள்ள, கனமான அட்டைப் புத்தகங்களும், தொட்டுப் பார்க்கும் பரப்புகள் உள்ள புத்தகங்களும்தாம். கதவு வேண்டுமென்றால் கெட்டித் துணியில் தைத்த கதவு உள்ளதாகப் பாருங்கள். அதை முழுக் கையாலும் பிடித்துத் தூக்கலாம், பிய்ந்து வராது.

கறுப்பு வெள்ளைப் புத்தகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கடைக்காரர் காட்டுவார் என்பதால் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும். வெற்றுப் பரப்பைவிட அழுத்தமான வேறுபாடுள்ள கோலங்களையே அது நெடுநேரம் பார்க்கிறது என்பதை 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். அந்தப் புத்தகங்களுக்கு அடிப்படை இதுதான். ஏழு மாதத்தில் வண்ணங்கள் நன்றாகத் தெரியத் தொடங்கிவிடுவதால் அவற்றுக்காக இப்போது செலவழிக்க வேண்டியதில்லை.

இன்னும் சில மாதங்களில் உங்கள் மகள் ஆள்காட்டி விரலைத் தனியே நீட்டிக் குத்திப் பார்க்கத் தொடங்குவாள். அப்போது ஓட்டைகள் உள்ள புத்தகமும், விரலை ஓட்டிச் செல்லக் குழிவான தடம் உள்ள புத்தகமும் பொருந்தும். ஓட்டை என்பது வெறும் அலங்காரமாக இருக்கக் கூடாது. 1969இல் எரிக் கார்ல் எழுதி வரைந்த கம்பளிப்புழுக் கதையில், புழு தின்றுகொண்டே போன வழிதான் ஓட்டை; குழந்தையின் விரல் அதில் நுழையும்போது கதையும் அதே இடத்தில் நடக்கிறது. நீங்கள் எடுத்துப் பார்க்கும் எந்தப் புத்தகத்தையும் இந்த அளவில் வைத்துப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் இருப்பது, கதவைத் திறப்பவருக்கு ஏதேனும் சொல்கிறதா? கூடையைத் திறந்தால் மாம்பழம், போர்வையைத் தூக்கினால் உறங்கும் நாய்க்குட்டி என்றால் அது சரி. ஒரு மரத்தின் மீது காரணமில்லாமல் ஒரு கதவு, அதற்குள் ஒரு நட்சத்திரம் என்றால் கையை இயக்குவதற்காக மட்டும் வைத்தது என்று பொருள்.

மறைந்த பொருள் மறைவிலும் இருக்கிறது என்ற புரிதல் ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் உருவாவதாக உளவியலாளர் ஜான் பியாஜே விவரித்தார். அது இன்னும் முன்பே தொடங்குகிறது என்று அவருக்குப் பின்வந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எப்படியானாலும், முந்தானையால் முகத்தை மறைத்து விலக்கும் விளையாட்டில் உங்கள் மகள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள் என்றால் கதவுப் புத்தகத்தை அவளுக்குக் காட்டலாம். அப்போது நீங்கள் திறக்க வேண்டும், அவள் பார்க்க வேண்டும்.

மகனைப் பொறுத்தவரை, இரண்டரை வயதில் இழுக்கும் பட்டைகளையும் சுழலும் வட்டங்களையும் தாராளமாகக் கொடுக்கலாம். அவன் பிய்ப்பதில் பாதி காரணம் கதவைத் தூக்கப் பிடி இல்லாமல் நகத்தால் நெம்புவதுதான். கதவின் ஓரத்தில் விரல் நுழையும்படி அரைவட்டமாக வெட்டிய புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

சிவகாசி அச்சகத்தார்:

மேலே கோவை அம்மையார் கையைப் பற்றிச் சொன்னார். நான் அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊர் நாட்காட்டிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்றது என்றாலும், பாடநூல்களும் குழந்தைகள் புத்தகங்களும் இங்கே ஏராளமாக அச்சாகின்றன. இந்தத் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன்.

அட்டைப் புத்தகத்தை இரண்டு வழிகளில் செய்கிறார்கள். வெள்ளை அட்டையின் மீதே அச்சிட்டு, இரண்டிரண்டு பக்கங்களாக மடித்து முதுகோடு முதுகு ஒட்டுவது ஒரு வழி. மெல்லிய தாளில் அச்சிட்டு, அதைக் கிரே போர்டு எனப்படும் சாம்பல் நிற அட்டையின் மீது ஒட்டுவது மற்றொரு வழி. புத்தகத்தின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலே எது எந்த வகை என்று தெரிந்துவிடும். நடுவில் சாம்பல் கோடு ஓடினால் அது கிரே போர்டு. அது பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்யப்படுவது, விலை குறைவு, விறைப்பாகவும் இருக்கும். ஆனால் எச்சில் பட்டு ஊறினால் உப்பி, மேல்தாள் தனியே கழன்று வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு அதனால் பாதகம் இல்லை. கடிக்கும் பருவத்தில் இருக்கும் குழந்தைக்கு வெள்ளை அட்டையில் நேரடியாக அச்சிட்டதையே வாங்குங்கள் என்பேன். ஏனெனில் கழன்ற மேல்தாளின் துண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்கு அதைத் துப்பத் தெரியாது.

கடையிலேயே சில சோதனைகளைச் செய்யலாம். மூலையை நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். லேமினேஷன் படலம் உரிந்து எழும்பினால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். நடுப்பக்கத்தை முழுவதுமாக விரித்துத் தரையில் வைத்தால் அது தட்டையாகப் படுக்க வேண்டும், முதுகில் வெடிப்புச் சத்தம் கேட்கக் கூடாது. மூலைகள் டை எனப்படும் வெட்டும் அச்சால் வட்டமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். மின்னும் தூள் ஒட்டிய பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் ஒரு துகள் வந்தாலும் அது குழந்தையின் வயிற்றுக்குப் போகப் போகிறது என்றே கொள்ள வேண்டும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைக்கும்போது வண்ணம் இறங்கக் கூடாது. பிரித்தவுடன் கரைப்பானின் கடுமையான வாடை அடித்தால், குறைந்தபட்சம் காற்றோட்டமான இடத்தில் விரித்து வைத்து, வாடை போன பிறகே குழந்தையிடம் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் கொடுக்கவே வேண்டாம்.

கதவுகள் விஷயத்தில் தங்கள் மகன்மீது குற்றம் சொல்ல மாட்டேன். கதவின் ஓரத்தைப் பக்கத்தின் மேல் வெறுமனே பசையால் ஒட்டியிருந்தால் எந்தக் குழந்தை கையிலும் அது பிய்ந்துதான் வரும். நல்ல செய்முறையில் கதவின் வேர்ப்பகுதியை இரண்டு அடுக்குகளுக்கு இடையே செருகி ஒட்டுவார்கள். அல்லது பக்கத்தின் மேலடுக்கையே வெட்டி மடித்துக் கதவாக்குவார்கள். கதவைத் திறந்து அதன் மடிப்புக்கோட்டைத் தடவிப் பாருங்கள். அங்கே ஒட்டுப்பட்டையின் விளிம்பு கையில் தட்டினால் முதல் வகை.

இப்படி வெட்டும் வேலையெல்லாம் செலவு பிடிப்பவை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு டை என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஒட்டும் வேலையில் பெரும்பகுதி கையால்தான் நடக்கிறது. அம்மையார் குறிப்பிட்ட கம்பளிப்புழுக் கதையையே அந்த ஓட்டைகளோடு அமெரிக்காவில் கட்டுப்படியாகும் விலைக்குச் செய்ய முடியாமல், முதலில் ஜப்பானில்தான் அச்சிட்டார்கள். ஆகவே மிகக் குறைந்த விலையில் நிறையக் கதவுகளும் பட்டைகளும் உள்ள புத்தகம் கிடைக்கிறது என்றால், எங்கோ ஒட்டுவதில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். அதே பணத்துக்கு நான்கு கதவுகள் மட்டும் உறுதியாக உள்ள புத்தகம் மேல்.

பேச்சுப்பயிற்சியாளர் (சென்னை):

பேசத் தாமதமாகும் குழந்தைகளோடு பணிபுரிகிறேன். பாடும் புத்தகங்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா, 2016இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பத்து முதல் பதினாறு மாதம் வரையிலான குழந்தைகள் 26 பேர் தங்கள் பெற்றோரோடு வீட்டில் விளையாடும்போது நடந்த பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். மின்னணு பொம்மைகள், மரக்கட்டை போன்ற வழக்கமான பொம்மைகள், புத்தகங்கள் என மூன்று வகைப் பொருள்களைக் கொடுத்திருந்தார்கள். பேசும், பாடும், ஒளிரும் மின்னணு பொம்மைகள் இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் மிகக் குறைவு. புத்தகம் இருந்தபோது மிக அதிகம். குழந்தை எழுப்பிய ஒலிகளும் மின்னணு பொம்மையின் முன்னால் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆயினும் நான் அன்றாடம் காண்பதும் இதுவே: பொருள் பேசத் தொடங்கினால் வீட்டார் மௌனமாகிவிடுகிறார்கள்.

குழந்தை அமைதியாக இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான், அதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். ஒன்றரை வயது வரை குழந்தை சொற்களைப் பெறுவது, தான் ஒலி எழுப்ப, எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்து பதில் சொல்ல, மீண்டும் தான் ஒலி எழுப்ப என்ற கொடுக்கல் வாங்கலில்தான். பொத்தான் குழந்தையின் குரலைக் கேட்டுப் பதில் சொல்லாது. எத்தனை முறை அழுத்தினாலும் அதே பாட்டை அதே வேகத்தில் பாடும். தாலாட்டும் ‘சாய்ந்தாடம்மா’வும் தெரிந்த பாட்டி வீட்டில் இருக்கும்போது அந்தப் பொத்தானுக்கு வேலை இல்லை.

கதவுகள், பட்டைகள் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிந்தியா சியோங், ஜூடி டிலோச் என்ற ஆய்வாளர்கள் இரண்டரை முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு எழுத்துப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். இழுக்கவும் திறக்கவும் பாகங்கள் உள்ள புத்தகத்தைவிட, அவை இல்லாத எளிய புத்தகத்திலிருந்தே குழந்தைகள் எழுத்துகளை நன்றாகக் கற்றார்கள். கவனம் எழுத்தில் நிற்காமல் பட்டையில் நின்றுவிடுகிறது. உங்கள் மகனுக்கு அ, ஆ கற்பிக்கும் புத்தகத்தை வாங்குவதாக இருந்தால் தெளிவான ஒரு படம், பெரிய ஓர் எழுத்து என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். கதவுகள் கதைக்கும் விளையாட்டுக்கும் இருக்கட்டும்.

உங்கள் மகள் படத்திலுள்ள பந்தை விரல்களால் கிள்ளி எடுக்கப் பார்த்தால் வியப்படைய வேண்டாம். ஒன்பது மாதக் குழந்தைகள் படத்தைப் பொருளாகவே எண்ணிப் பற்ற முயல்வதையும், ஒன்றரை வயதைக் கடந்த பிறகு பற்றுவதை விட்டுச் சுட்டிக்காட்டுவதையும் டிலோச் குழுவினர் 1998இல் விவரித்திருக்கிறார்கள். பெற்றோர் தினமும் மடியில் வைத்துப் படத்தைச் சுட்டிப் பெயர் சொல்வது இந்த மாற்றத்துக்குத் துணை செய்கிறது என்பது என் நம்பிக்கை.

திருச்சித் தந்தை:

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் தொடும் பாகங்கள் கவனத்தைச் சிதறடிக்கும் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. அவளைப் பொறுத்தவரை தொடும் பரப்புதான் பக்கம். மற்றதெல்லாம் வழவழப்பான வெற்று அட்டை.

தொட்டுணரும் புத்தகம் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்காகச் செய்யப்பட்டவை என்பதை அவள் விரல்களின் வழியாகத்தான் அறிந்துகொண்டேன். தவளையின் முதுகில் பளபளப்பான தகடு, மீனின் செதிலில் பளபளப்பான தகடு, நிலாவிலும் அதே தகடு. கண்ணுக்கு மூன்றும் வேறு. விரலுக்கு மூன்றும் ஒன்று. பூனையின் காதில் நகத்தளவு மட்டும் மென்மயிர் ஒட்டியிருப்பார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் குழந்தை சலித்துவிடும். ஆகவே வாங்கும்போது கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு தெரிகிறதா, தொடும் இடம் குழந்தையின் கை முழுவதும் படியும் அளவுக்குப் பெரியதா, சொரசொரப்பு என்று எழுதியிருப்பது உண்மையிலேயே சொரசொரக்கிறதா என்று பாருங்கள். பார்வை நன்றாக உள்ள குழந்தைக்கும் இந்தச் சோதனையில் தேறும் புத்தகமே நல்ல புத்தகம்.

ஓரளவு பார்வை உள்ள குழந்தைகளுக்கு, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு படம், ஒரே நிறப் பின்னணி, அழுத்தமான ஓரக்கோடு ஆகியவை பேருதவி செய்கின்றன. பின்னணியில் புல்லும் மேகமும் பூவும் நிறைந்த பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்களுக்குப் பயன்படாது. இத்தகைய குழந்தை உள்ள பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால், பார்வைத் திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

குழந்தைநலச் செவிலியர்:

பாடும் புத்தகங்கள் பற்றிப் பேச்சுப்பயிற்சியாளர் சொன்ன காரணத்தைவிட முதன்மையான காரணம் ஒன்று இருக்கிறது, அது பேட்டரி. இந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் சட்டைப் பொத்தானைப் போன்ற வட்ட பேட்டரிகள்தாம் இருக்கின்றன. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான தசையின் வழியே மின்னோட்டம் பாய்ந்து, அந்த இடத்தில் காரம் உண்டாகித் தசை வெந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான காயம் ஏற்படலாம். பேட்டரி தீர்ந்து போயிருந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. பாட்டுப் பாட இயலாத அளவுக்கு இறங்கிய பேட்டரியிலும் தசையைச் சுடும் அளவுக்கு மின்சாரம் எஞ்சியிருக்கும்.

எனவே இந்த வகைப் புத்தகம் பரிசாக வந்துவிட்டால், பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா, கருவி இல்லாமல் திறக்க முடியாதபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளிப் மட்டும் உள்ள மூடி என்றால் பேட்டரிகளை எடுத்துவிட்டு, ஒலி இல்லாத புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். எச்சில் வடிதல், உணவை மறுத்தல், இருமல் என்று சாதாரணச் சளியைப் போலவே தொடங்கலாம், எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எக்ஸ்ரேயும், குழாய்க் கருவியை உணவுக்குழாயினுள் செலுத்தும் எண்டோஸ்கோப்பியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.

பேட்டரி இல்லாத புத்தகங்களிலும் ஒட்டியிருக்கும் கண்மணிகள், சிறு மணிகள், பஞ்சுருண்டைகள் ஆகியவற்றை இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் குறுக்களவு 31.7 மில்லிமீட்டர்; அதற்குள் முழுவதுமாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. நாடா தொங்கும் துணிப் புத்தகத்தைத் தொட்டிலிலோ தூளியிலோ கட்டிவிடாதீர்கள். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. வெறும் அட்டைப் புத்தகத்தில் அதைத் தேட வேண்டியதில்லை; கிலுகிலுப்பை, மணி, விளக்கு என்று பொம்மையாகவே விற்கப்படும் புத்தகத்தில் தேடுங்கள்.

வைகைக்கரை (மதுரை):

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டில் இருந்த பாடும் புத்தகத்தின் மூடியை இன்று பார்த்தேன். திருகாணி இல்லை, பேட்டரிகளை எடுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கடைகளில் கிடைக்கும் நல்ல செய்முறையுள்ள புத்தகங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில், பனி பெய்யும் ஊர்களையும் நான் பார்த்தறியாத பறவைகளையும் காட்டுகின்றன. என் குழந்தைகள் முதலில் காக்கையையும் அணிலையும் ஆட்டோவையும் தமிழில் கேட்டு வளர வேண்டும் என்று விரும்புகிறேன். வீட்டிலேயே ஒரு புத்தகம் செய்ய முடியுமா? அப்படிச் செய்தால் கடிக்கும் குழந்தைக்கு அது பாதுகாப்பாக இருக்குமா?

கோவைப் புத்தகக்கூடம்:

தங்கள் விருப்பம் மிகவும் நியாயமானது. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தரவிறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். இவற்றில் பெரும்பாலானவை தாள் புத்தகங்கள் என்பதால் மகளுக்கு உங்கள் மடியிலும், மகனுக்கு அவன் கையிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலேயே இருக்கும் நீங்கள், 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு ஒருமுறை மகனை அழைத்துச் செல்லுங்கள். எந்த வகைப் புத்தகத்தை அவன் மீண்டும் மீண்டும் எடுக்கிறான் என்று அங்கே பார்த்துவிட்டு, தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது வாங்கலாம்.

ஆங்கிலப் புத்தகமாக இருந்தாலும் அதிலுள்ள சொற்களை அப்படியே படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த வயதில் குழந்தை கேட்பது உங்கள் குரலை. வாத்தைக் காட்டி நீங்கள் தமிழில் என்ன சொன்னாலும் அதுவே கதை. பனி பெய்யும் படத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாலும் குற்றமில்லை. ஆனால் அந்தப் படங்களை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. காக்கையை அவள் சன்னலிலேயே பார்த்துவிடுவாள். பென்குவினைப் பார்க்கப் புத்தகத்தை விட்டால் வேறு வழி ஏது?

வீட்டில் செய்வதென்றால் முகங்களிலிருந்து தொடங்குங்கள். தாத்தா, பாட்டி, அண்ணன், எதிர்வீட்டு அத்தை என்று ஒரு பக்கத்துக்கு ஒரு முகம், பின்னணியில் வேறெதுவும் இல்லாமல் எடுத்த பெரிய புகைப்படம். எங்கள் கூடத்துக்கு வரும் குழந்தைகள் வேறெந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நேரம் நிலைத்து நிற்பதில்லை. தொடும் பக்கங்களுக்குப் பழைய பருத்திப் புடவைத் துண்டு, கரையில் சரிகை இல்லாத பட்டு, பூத்துவாலைத் துணி ஆகியவை போதும். ஓரங்களை மடித்துத் தைத்துவிடுங்கள். தேங்காய் நார், சணல், கோரைப்பாய்த் துண்டு ஆகியவை தொடுவதற்கு இனியவை என்றாலும் இழை உதிரும் என்பதால் மகளுக்கு வேண்டாம். மகனுக்கு, நீங்கள் அருகில் இருக்கும்போது கொடுக்கலாம்.

சிவகாசி அச்சகத்தார்:

ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை. மைதாப் பசையைப் பயன்படுத்தாதீர்கள். கரப்பான் பூச்சியும் வெள்ளிப் பூச்சியும் அதைத் தேடி வந்து புத்தகத்தை அரித்துவிடும். நச்சற்றது என்று குறிக்கப்பட்ட வெள்ளைப் பசையை மெல்லிய பூச்சாகத் தடவி, மேலே கனம் வைத்து ஓர் இரவு முழுவதும் உலர விடுங்கள். நகலகத்தில் லேமினேட் செய்யும் படலத்தின் மூலைகள் கத்திபோல் கூராக இருக்கும். நகவெட்டியால் அல்ல, கத்தரிக்கோலால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்து வட்டமாக வெட்டுங்கள். படத்தைச் சுற்றி அரை விரற்கடை அளவுக்குப் படலத்தின் ஓரம் மிஞ்சியிருக்க வேண்டும், அதை ஒட்ட வெட்டினால் எச்சில் உள்ளே இறங்கி இரண்டு படலங்களும் பிரிந்துவிடும். ஸ்பைரல் கம்பி போட வேண்டாம். அதன் நுனி விலகிக் குத்தும். பக்கங்களின் இடது ஓரத்தில் இரண்டு துளைகளிட்டுக் கெட்டிப் பருத்தி நூலால் இறுக்கமாகத் தைத்து, முடிச்சை முதுகுப் பக்கம் வைத்து நுனியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டை ஈரத்தை உறிஞ்சி வளையும் என்பதால், கடையில் வாங்கியதையும் வீட்டில் செய்ததையும் சுவரை ஒட்டி நிறுத்தி வைக்காமல் படுக்கை வசமாக அடுக்கி வையுங்கள். எச்சில் பட்ட பக்கங்களை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் விரித்து உலர்த்திய பிறகே மூட வேண்டும்.